திருவாய்மொழிப் பிள்ளை வைபவம்: அமைச்சராயிருந்து அடியாரானவர்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

வைகாசி விசாகம் என்றவுடன் நம் நெஞ்சில் முதலில் தோன்றுவது நம்மாழ்வாருடைய திருவவதாரம். அதே திருநக்ஷத்திரத்தில் ஆழ்வாருக்கே தம்மை முழுவதுமாக ஆக்கிவைத்த ஓர் ஆசார்யரும் அவதரித்தார். மதுரைக்கு அருகிலுள்ள கொந்தகை எனப்படும் குந்தீநகரத்தில் அவதரித்த திருமலையாழ்வார் என்னும் திருவாய்மொழிப் பிள்ளையே அவர். நாம் கோஷ்டிதோறும் அநுஸந்திக்கும் மணவாள மாமுனிகளின் தனியன் தொடங்குவதே ஸ்ரீசைலேசர் என்ற இவருடைய திருநாமத்தைக் கொண்டுதான். ஆயினும் மாமுனிகளின் ஆசார்யர் என்ற அளவோடு இவரை வணங்கிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். இவருடைய சரிதத்தை ஊன்றி நோக்கினால், இன்று நம்மில் பலர் உள்ளூரக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு கேள்விக்கு அதில் விடை இருப்பதைக் காணலாம்.

அந்தக் கேள்வி இதுதான். அலுவலகத்திலும் ஊர்ப்பொறுப்பிலும் நாள் முழுவதும் கழிகின்றது. அதற்கிடையே பகவத் விஷயத்துக்கு நாம் கொடுப்பது சிறிது நேரமே. இந்த உலகியல் பொறுப்பை நம் பக்திக்கு இடையூறு என்று வெறுப்பதா, அல்லது அதையே கைங்கர்யம் என்று சொல்லிக்கொண்டு மனத்தைத் தேற்றிக்கொள்வதா? ஓர் அரசின் சுமையையே தோளில் தாங்கியவர் திருமலையாழ்வார். இந்த இரண்டு வழிகளிலும் அவர் நிற்கவில்லை என்பதே அவருடைய வைபவத்தின் சாரம்.

அவர் வாழ்ந்த காலத்தை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும். 1311-ஆம் ஆண்டில் மாலிக் காபூரின் படை தென்னாடு வந்தது. 1323-ஆம் ஆண்டளவில் மீண்டும் தில்லிப் படை வந்தபோது திருவரங்கம் பேரிடருக்கு உள்ளாயிற்று. முதுமையின் எல்லையில் இருந்த பிள்ளை உலகாசிரியர் நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு, சில அந்தரங்கர்களுடன் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். காட்டுவழியில் கள்வர்கள் கையில் இருந்தவற்றையெல்லாம் பறித்துக்கொண்டனர். பெருமாள் மட்டும் எஞ்சினார். அதுவே போதும் என்றிருந்தார் அந்த மஹாசார்யர். மதுரைக்கு அருகே யானைமலைப் பக்கத்திலுள்ள ஜ்யோதிஷ்குடியில் அவருடைய அந்திமதசை நெருங்கிற்று.

அந்த நிலையில் ஒருவருக்குத் தோன்றக்கூடிய கவலைகள் பல. கோயில் என்னாகும், பெருமாள் மீண்டும் எப்போது திருவரங்கம் எழுந்தருள்வார் என்ற கவலைகளே போதும், நெஞ்சை நிறைப்பதற்கு. ஆனால் பிள்ளை உலகாசிரியரின் திருவுள்ளம் மற்றொன்றையும் கவலையுடன் எண்ணிற்று. ஸம்ப்ரதாயத்தை இனி நடத்தப்போகிறவர் யார் என்பதே அது. இளம்பிராயத்திலேயே தம் திருவடிகளில் பஞ்சஸம்ஸ்காரம் பெற்ற திருமலையாழ்வார் அவருடைய நினைவுக்கு வந்தார். அந்தச் சிறுவர் இப்போது தமிழிலும் வடமொழியிலும் தேர்ந்து, மதுரையின் அரசியலில் முதன்மையான அமைச்சராக விளங்கிக்கொண்டிருந்தார். ஸம்ப்ரதாயத் தொடர்போ மெல்ல மெல்ல நெகிழ்ந்துபோயிருந்தது. அவரை எப்படியாவது திருத்திப் பணிகொள்ள வேண்டும் என்று கூரகுலோத்தம தாசரிடமும் உடனிருந்த மற்றைய சிஷ்யர்களிடமும் நியமித்துவிட்டே உலகாசிரியர் திருநாடு அலங்கரித்தார். தம் பாதுகாப்பிலிருந்த பெருமாளை அடியார்களிடம் ஒப்படைத்தது போலவே, வரப்போகும் ஆசார்யர் ஒருவரையும் ஒப்படைத்துச் சென்றார் என்று நாம் கொள்ளலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருமலையாழ்வார் தீயவழியில் சென்றவர் அல்லர். கொடுங்கோன்மை செய்தவர் என்றோ, பொருளாசையில் மூழ்கியவர் என்றோ எவரும் அவரைச் சொன்னதில்லை. அவர் நேர்மையானவர், கற்றவர், பொறுமையுள்ளவர். குழப்பம் நிறைந்த காலத்தில் ஒரு நாட்டின் நிர்வாகத்தைச் செவ்வையாக நடத்திக்கொண்டிருந்தவர். அவரிடம் இருந்த குறை ஒன்றே. நற்செயல்களே போதும் என்ற நிலையில், தாம் யாருக்கு அடிமை என்பதை அவர் மறந்துபோயிருந்தார். நம்மில் பெரும்பாலோரின் குறையும் இதுவேயன்றோ?

கூரகுலோத்தம தாசர் மதுரைக்கு எழுந்தருளினார். அமைச்சர் பல்லக்கில் பரிவாரம் சூழ வீதிவலம் வரும் நேரம் பார்த்து ஓரிடத்தில் நின்றுகொண்டு, நம்மாழ்வாரின் முதல் ப்ரபந்தமாகிய திருவிருத்தத்தை அநுஸந்திக்கத் தொடங்கினார். தமிழறிஞரான அமைச்சரின் செவியில் அந்தச் சொற்கள் விழுந்தன. பல்லக்கை நிறுத்தச் சொல்லி, அவற்றின் பொருள் என்னவென்று வினவினார். மறுமொழியாக தாசர் அவர்மீது உமிழ்ந்தார் என்று நம் பெரியோர்கள் இவ்வரலாற்றைச் சொல்லுவர்.

இச்செயல் நமக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் தாசரின் திருவுள்ளத்தை ஆராய்ந்தால் அதன் நியாயம் விளங்கும். ஆழ்வாருடைய ஸ்ரீஸூக்திகளின் அர்த்தம் வழியில் போகிறபோக்கில் பல்லக்கிலிருந்தபடியே கேட்டுப்பெறும் பொருளன்று. பதவியின் உயரத்திலிருந்து இறங்காமல் அதைப் பெறவும் முடியாது. இதைச் சொல்லால் உணர்த்தியிருந்தால் அது ஓர் அறிவுரையாக மட்டுமே நின்றிருக்கும்.

அமைச்சர் செய்ததோ அதனினும் வியப்பு. காவலர்கள் சினந்து தாசரைத் தண்டிக்கப் பாய்ந்தபோது அவர்களைத் தடுத்துவிட்டார். அதிகாரம் கையில் இருந்தும், அவமதிப்பு எல்லோர் முன்னிலையிலும் நிகழ்ந்திருந்தும், அந்த அதிகாரத்தைத் தம் மானத்தைக் காத்துக்கொள்வதற்கு அவர் பயன்படுத்தவில்லை. அரசன் தந்த அதிகாரம் குடிகளைக் காப்பதற்கே உரியது, தம் சினத்தைத் தீர்த்துக்கொள்வதற்கு உரியதன்று என்ற தெளிவு அவரிடம் அப்போதே இருந்தது. ஆசார்யனின் கடாக்ஷம் வித்தாக விழுந்திருந்தது. முளைக்க நீர்தான் தேவைப்பட்டது.

இல்லம் திரும்பியவர் நடந்ததைத் தம்மை வளர்த்த அன்னையாரிடம் சொன்னார். அந்த அம்மையார் அவருக்குப் பிள்ளை உலகாசிரியரின் ஸம்பந்தத்தை நினைவூட்டினார். எத்தகைய ஆசார்யரின் திருவடிகளைப் பெற்றும் அதை மறந்து வாழ்ந்தோம் என்று அமைச்சர் நெஞ்சம் உருகினார். அன்றுமுதல் தம்மை அவமதித்தவரைத் தாமே தேடத் தொடங்கினார். மீண்டும் தாசரைக் கண்டவுடன் வாகனத்திலிருந்து இறங்கி, பலரும் காணத் திருவடிகளில் விழுந்தார். தாசர் தங்குவதற்கு இடம் அமைத்துக் கொடுத்து, அர்த்த விசேஷங்களைக் கேட்கத் தொடங்கினார்.

ஆனால் அரசுப்பொறுப்பு அப்படியே இருந்தது. நாள் முழுவதும் வழக்கும் கணக்கும் படைச்செய்தியும் அவரைச் சூழ்ந்துகொண்டிருந்தன. எனவே காலையில் தாம் திருமண்காப்பு தரித்துக்கொள்ளும் வேளையில் எழுந்தருளி அருளிச்செய்ய வேண்டும் என்று தாசரிடம் விண்ணப்பித்தார். தாசரும் இசைந்தார். முதல்நாள் சென்றபோது, திருமண்காப்பு தரிக்கையில் அமைச்சர் பிள்ளை உலகாசிரியரின் தனியனை அநுஸந்தித்துக்கொண்டிருந்ததைக் கண்டு தாசரின் திருவுள்ளம் உகந்தது.

இந்தச் சிறு வேளையை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது. அமைச்சர் தம் ஓய்வு நேரத்தைக் கொடுக்கவில்லை. ஓய்வு என்பதே அவருக்கு இருந்திராது. எந்த நிலையிலும் தாம் விடாமல் செய்யும் ஒரு நித்ய அநுஷ்டானத்தோடு உபதேசத்தைப் பிணைத்துவிட்டார். இன்று விடியற்காலையில் அலுவலகத்துக்கு விரையும் நம்மவர்க்கும், தூரதேசங்களில் பொருந்தாத வேளைகளில் காலக்ஷேபம் கேட்கும் அன்பர்களுக்கும் அந்தத் திருமண்காப்பு வேளை ஓர் ஆறுதல். அதே சமயத்தில் அது ஓர் எச்சரிக்கையும் ஆகும். ஏனெனில் அதற்கும் ஒருநாள் இடையூறு வந்தது. அரசு அலுவல் மிகுதியால் ஒருநாள் அவரால் உபதேசத்தில் கருத்தூன்ற முடியாமற்போகவே, தாசர் வருவதை நிறுத்திக்கொண்டார். அமைச்சர் சில நாள்கள் பொறுத்துப்பார்த்து, ஆற்றாமையால் தாமே சென்று, க்ஷமித்தருள வேண்டும் என்று பிரார்த்தித்தார். தாசர் தாம் அமுதுசெய்த சேஷப்ரஸாதத்தை அவருக்கு அளித்தார். அதைப் பெற்றபின் அவருடைய நெஞ்சம் வேறெதிலும் கால்தாழவில்லை என்பர்.

இனி அவர் பதவியைத் துறந்த விதத்தைக் காண்போம். வைராக்யம் பிறந்தவுடன் எல்லாவற்றையும் உதறிவிட்டு ஓடினவர்களின் கதைகளை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். திருமலையாழ்வார் அப்படி ஓடவில்லை. அரசுக்கு உரிய இளவரசனிடம் ஆட்சிப்பொறுப்பை முறையாக ஒப்படைத்துவிட்டே அவர் விலகினார். பிறர் நம்பித் தந்த பொருளைத் திருப்பிக்கொடுக்காமல் கோயிலுக்குப் போகிறவனின் பக்தியை யார் மதிப்பர்? ஊரார் நம்பித் தந்த பொறுப்பும் அத்தகையதே. அதை இடையில் போட்டுவிட்டுச் செல்வதும் தவறு, உரியவர் வந்தபின்னும் விடாமல் பற்றிக்கொண்டிருப்பதும் தவறு என்பதை அவர் அநுஷ்டித்தே காட்டினார்.

அவருடைய அமைச்சுப் பதவி வீணாகவும் போகவில்லை. இதற்குச் சான்றாக ஒரு வ்ருத்தாந்தத்தைப் பெரியோர்கள் கூறுவர். படையெடுப்புக் காலத்தில் நம்மாழ்வாரின் திருமேனியையும் திருக்குருகூரிலிருந்து எழுந்தருளப் பண்ணிக்கொண்டு மேற்கே சென்றிருந்தனர். கள்வர் பயத்தால் ஆழ்வாரை ஒரு மலைப்பள்ளத்தில் மறைத்துவைக்க நேர்ந்தது. பின்னர் எடுக்க வழியறியாமல் அடியார்கள் தவித்தனர். அவர்களுள் தோழப்பர் என்பவர் மதுரைக்கு வந்து அமைச்சர் திருமலையாழ்வாரிடம் முறையிட்டார். அமைச்சர் உடனே வேண்டிய ஆட்களை அனுப்பி, மலையாள நாட்டு அரசனின் துணையும் கிடைக்கும்படி செய்தார். தோழப்பர் சங்கிலியில் பிணைத்த பலகையில் தாமே அந்தப் பள்ளத்தில் இறங்கி, முதலில் ஆழ்வாரை மேலே ஏற்றினார். அவரை ஏற்ற மறுபடி பலகையை விட்டபோது, அவர் தவறிவிழுந்து அங்கேயே திருநாடு அடைந்தார். தந்தையை இழந்து கதறிய அவருடைய மகனுக்கு ஆழ்வார் தாமே தந்தையாயிருப்பதாக அருளினார் என்பது ஐதிஹ்யம். அதன்பின் ஆழ்வார் திருக்கணாம்பியில் நெடுங்காலம் எழுந்தருளியிருந்தார்.

ஒருவர் உயிரையே கொடுத்தார். மற்றொருவர் தம் பதவியின் ஆற்றலைக் கொடுத்தார். இரண்டும் சேர்ந்தே ஆழ்வாரை மீட்டன. ஆளும் வண்மையும் அதிகாரமும் உள்ளவர்கள் அவற்றை எதற்காகப் பெற்றிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுவதில்லை. அதேபோல, அதிகாரம் ஒன்றினால் மட்டுமே எதுவும் நடந்துவிடுவதில்லை. பள்ளத்தில் இறங்க ஒரு தோழப்பர் வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

அரசைத் துறந்தவர் அடுத்துச் செய்தது மாணாக்கராய் மீண்டும் பிறந்ததே. கூரகுலோத்தம தாசர் தம் இறுதிக்காலத்தில் காட்டிக்கொடுத்தபடி, விளாஞ்சோலைப் பிள்ளையிடமும் திருக்கண்ணங்குடிப் பிள்ளையிடமும் ரஹஸ்யார்த்தங்களையும் திருவாய்மொழியின் பொருளையும் கேட்டார். விளாஞ்சோலைப் பிள்ளை ஈழவர் குலத்தில் அவதரித்தவர். திருவனந்தபுரத்தில் கோயிலுக்குள் செல்ல வழியின்றி விளாமரத்தின் மீதிருந்து கோபுரத்தைச் சேவித்து வந்தவர். நேற்றுவரை ஓர் அரசையே நடத்தியவர் அவர் திருமுன்பே சென்று பணிந்து கேட்டார். பல்லக்கிலிருந்து இறங்கிய இறக்கம் உண்மையில் நிறைவேறியது இங்கேதான் என்று சொல்லத் தோன்றுகிறது. குலத்தையோ பதவியையோ பாராமல் பாகவதரைப் பாகவதராகவே கொண்டாட வேண்டும் என்று பிள்ளை உலகாசிரியர் ஸ்ரீவசன பூஷணத்தில் அறுதியிட்டதை, அவருடைய சிஷ்யர் தம் வாழ்வில் அநுஷ்டித்துக் காட்டினார்.

திருவாய்மொழியின் ஒவ்வொரு பதத்துக்கும் விரிவான பொருளைக் கேட்க வேண்டும் என்ற ஆசை அவரைக் காஞ்சிபுரத்துக்கு இட்டுச்சென்றது. அங்கே தேவப்பெருமாளின் நியமனத்தால் நாலூர்ப் பிள்ளையையும் அவருடைய குமாரர் நாலூராச்சான் பிள்ளையையும் அடைந்தார். நாலூராச்சான் பிள்ளையின் திருவடிகளில் ஈடு முப்பத்தாறாயிரப்படியை முழுவதும் கேட்டுத் தேறினார். நம்பிள்ளை காலக்ஷேபத்தில் அருளிச்செய்து, வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய அந்த மஹாவ்யாக்யானம், ஈயுண்ணி மாதவர், ஈயுண்ணி பத்மநாபர், நாலூர்ப் பிள்ளை, நாலூராச்சான் பிள்ளை என்று ஓராண்வழியாக வந்துகொண்டிருந்தது. மெல்லிய நூல்போல வந்த அந்த ஸம்பத்து அறுந்துபோகாமல் தாங்கிய கை திருமலையாழ்வாருடையது. கூரகுலோத்தம தாசர் அன்று மதுரை வீதியில் நின்று அநுஸந்திக்காமல் போயிருந்தால், இன்று ஈட்டைக் கையிலேந்தி நாம் கேட்கும் காலக்ஷேபம் எப்படியிருந்திருக்கும் என்று எண்ணினால் நெஞ்சம் நடுங்குகிறது.

கற்றுத் தேர்ந்தபின் அவர் ஆழ்வார்திருநகரிக்கு எழுந்தருளினார். அங்கே அவர் கண்டது ஊரன்று, காடு. ஆழ்வார் இல்லாத ஊரில் அடியார்கள் இல்லை. அடியார்கள் இல்லாத வீதிகளை முள்ளும் புதரும் மூடியிருந்தன. வ்யாக்யானம் கற்ற வித்வான் ஒருவர் இந்நிலையில் வேறொரு திவ்யதேசத்தைத் தேடிச் சென்றிருக்கலாம். இவரோ காட்டை வெட்டத் தொடங்கினார். புதர்களை அகற்றி, ஊரைத் திருத்தி, கோயிலைச் சீர்செய்து, திருக்கணாம்பியிலிருந்து ஆழ்வாரை மீண்டும் எழுந்தருளப் பண்ணி ப்ரதிஷ்டிப்பித்தார். காடுவெட்டி குரு என்ற பெயரும் இவருக்கு இதனால் வந்தது. வேத வேதாந்தங்களில் வல்லவர்கள் பெற்ற பட்டப்பெயர்கள் பலவற்றிடையே, அரிவாளும் வியர்வையும் நினைவுக்கு வரும் இந்தப் பெயர் தனித்து ஒளிர்கின்றது.

ஊரின் மேற்கே பவிஷ்யதாசார்யரான எம்பெருமானாருக்குத் தனிக்கோயில் அமைத்து, அதைச் சூழ வீதிகளை வகுத்து, கைங்கர்யபரர்களைக் குடியமர்த்தினார். ராமாநுஜ சதுர்வேதிமங்கலம் என்று அதற்குப் பெயர். நிலம் வகுப்பதும், குடியேற்றுவதும், பணிகளைப் பகிர்ந்து கொடுப்பதும் அமைச்சராயிருந்தபோது அவர் பழகிய கலைகளேயன்றோ? முன்பு அரசனுக்காகச் செய்ததை இப்போது ஆழ்வாருக்காகச் செய்தார். திறமை மாறவில்லை, அது யாருக்கு உரியது என்பது மாறிற்று. கொந்தகைத் திருமலையாழ்வார் திருவாய்மொழிப் பிள்ளையாக ஆனதும் இங்கேதான். திருவாய்மொழியே தாரகமாக வாழ்ந்தமையால் உலகமே அவருக்குச் சூட்டிய திருநாமம் அது.

1370-ஆம் ஆண்டு ஐப்பசி மூலத்தில் அவ்வூரிலேயே அழகிய மணவாளன் அவதரித்தார். அடுத்த ஆண்டு, 1371-இல், நம்பெருமாள் நெடும் பயணத்துக்குப் பின் திருவரங்கம் மீண்டருளினார். வளர்ந்தபின் திருவாய்மொழிப் பிள்ளையின் திருவடிகளை ஆச்ரயித்த அந்த அழகிய மணவாளனே நம் மணவாள மாமுனிகள். பிள்ளை தம் இறுதிக்காலத்தில் அவருக்கு இட்ட நியமனங்கள் இரண்டு. ஸ்ரீபாஷ்யத்தை ஒருமுறை கேட்டுவிட்டு, அருளிச்செயல்களிலேயே பொழுதுபோக்க வேண்டும் என்பது ஒன்று. திருவரங்கம் சென்று பெருமாளுக்கு மங்களாசாஸனம் செய்துகொண்டு அங்கேயே நித்யவாஸம் செய்ய வேண்டும் என்பது மற்றொன்று. பின்னாளில் நம்பெருமாள் திருமுன்பே ஓராண்டுக்காலம் ஈடு காலக்ஷேபம் நடந்ததும், அரங்கனே சிஷ்யனாய்த் தனியன் ஸமர்ப்பித்ததும் இந்த நியமனங்களின் பலனே. தாம் திருத்திய ஊரிலேயே சிஷ்யர் தங்கித் தமக்குப்பின் அதைக் காக்க வேண்டும் என்று பிள்ளை கேட்கவில்லை என்பது நோக்கத்தக்கது. தாம் வளர்த்த செல்வத்தையும் தேவையிருந்த இடத்துக்கே அனுப்பிவைத்தார்.

பிறருடைய துன்பத்தைக் கண்டால் நெஞ்சு இரங்குகிறதா என்பதைக் கொண்டே நமக்கு பகவத் ஸம்பந்தம் உண்டா இல்லையா என்று அறியலாம் என்னும் கருத்தை நஞ்சீயர் அருளிச்செய்ததாகப் பெரியோர் கூறுவர். இந்த அளவுகோலைக் கொண்டு திருவாய்மொழிப் பிள்ளையை நாம் சேவித்தால், அவருடைய பக்தி, பிறர்க்கு அவர் செய்த பணி, ஊரைக் காத்த கடமை ஆகிய மூன்றும் வெவ்வேறாகத் தோன்றா. தாம் அடிமை என்ற உணர்வு வேர். பணி அதன் கிளை. பொறுப்பு அதன் நிழல். வேர் வறண்டபோது நிழல் மட்டும் சிலகாலம் நின்றது. அதுவே மதுரை அமைச்சரின் முற்பகுதி வாழ்வு. வேர் நனைந்தபின் அந்த மரமே ஓர் ஊருக்கு உறைவிடமாயிற்று.

ஆகையால் முதலில் எழுப்பிய கேள்விக்கு நாம் பெறும் விடை இதுவாகும். ஏற்ற பொறுப்பை வெறுக்க வேண்டா. அதைச் செவ்வையாக நடத்துவதும், உரிய காலத்தில் உரியவர் கையில் ஒப்படைப்பதும் நம் ஸ்வரூபத்துக்குப் பொருந்தியவையே. ஆனால் அதுவே போதும் என்றும் இருந்துவிட வேண்டா. நாள்தோறும் ஒரு திருமண்காப்பு வேளையையாவது ஆசார்யருக்கு என்று ஒதுக்கிவைப்போம். அந்தச் சிறு வேளை ஒருவரைப் பல்லக்கிலிருந்து இறக்கிற்று. ஒரு காட்டை ஊராக்கிற்று. ஆழ்வாரைத் தம் ஊர் சேர்ப்பித்தது. நமக்கு மாமுனிகளைத் தந்தது. வரும் வைகாசி விசாகத்தன்று ஆழ்வாரைச் சேவிக்கும்போது, அவருக்காகக் காடு வெட்டிய அந்தத் திருக்கைகளையும் நினைந்து பல்லாண்டு பாடுவோமாக.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.
திருவாய்மொழிப் பிள்ளை திருவடிகளே சரணம்.